வட்டாக நடிக்கும் நினைவகம்

சென்னையின் பள்ளிக்கரணைக்குக் கிழக்கே பழைய மகாபலிபுரம் சாலையிலும், மேற்கே தாம்பரத்தின் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்திலும், தெற்கே சிறுசேரியிலும் இயங்கும் பெரிய கணினி நிறுவனங்களில் மெயின்பிரேம் வேலை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. அதில் ஈடுபட்டிருப்போர் பராமரிக்கும் இயந்திரங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒரு வங்கியின் அல்லது காப்பீட்டு நிறுவனத்தின் தரவு மையத்தில் இருப்பவை. பராமரிப்போர் அவற்றை நேரில் காண்பது அரிது. அத்தகைய ஒரே இயந்திரத்துக்குள் நூற்றுக்கணக்கான சேவையகங்கள், தனித்தனிக் கணினிகள் போலவே, ஒரே நேரத்தில் இயங்கக்கூடும். அவை அனைத்துக்கும் நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதே இத்துறையின் கடினமான வேலைகளுள் ஒன்றாகும். அப்பங்கீட்டில் கையாளப்படும் ஒரு முறை முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றுகிறது: நினைவகம் போதாமல் போகும்போது தரவை ஒதுக்கிவைப்பதற்கென்று ஒரு வட்டை அமைத்துவிட்டு, அந்த வட்டையும் நினைவகத்துக்குள்ளேயே வைப்பது. இம்முரண் எவ்வாறு சிக்கனமாக மாறுகிறது என்பதை அறிவதற்கு, நினைவகத்தைக் கணினிகள் கையாளும் விதத்தை அடியிலிருந்து பார்ப்பது அவசியம்.

சென்னையில் மெயின்பிரேம்

மெயின்பிரேம் என்பது வங்கி, காப்பீடு, விமானப் பயணம் போன்ற துறைகளின் பெருந்திரளான கணக்குகளை இடைவிடாமல் கையாளுவதற்கென வடிவமைக்கப்பட்ட பெரிய கணினியாகும். ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரல் 7 அன்று அறிவித்த சிஸ்டம்/360 என்ற கணினி வரிசையே இன்றைய மெயின்பிரேம்களுக்கு மூதாதை. அதற்கு அடுத்த தலைமுறையான சிஸ்டம்/370 வரிசையைச் சேர்ந்த 370/155 என்ற மாதிரி, 1973இல் கிண்டியை ஒட்டிய சென்னை ஐஐடி வளாகத்தில் நிறுவப்பட்டது; துளையிட்ட அட்டைகளில் நிரலை எழுதிக் கொடுத்துவிட்டு, அச்சான விடைக்காக மாணவர்கள் காத்திருந்த காலம் அது.

அந்த 155 மாதிரிக்கு இக்கட்டுரையின் பொருளோடு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. 1970இல் அறிவிக்கப்பட்டபோது அதில் மெய்நிகர் நினைவகத்துக்குத் தேவையான முகவரி மாற்றும் வசதி இருக்கவில்லை. 1972 ஆகஸ்டில் ஐபிஎம் அவ்வசதி கொண்ட புதிய மாதிரிகளையும், ஒரே கணினியைப் பல கணினிகளாகக் காட்டும் விஎம்/370 என்ற மென்பொருளையும் ஒருசேர அறிவித்தபோது, 155, 165 ஆகிய மாதிரிகளை ஏற்கெனவே வாங்கியிருந்தோர் அவ்வசதியைப் பெறுவதற்குத் தனியே பணம் கொடுத்துக் கூடுதல் வன்பொருளைப் பொருத்த வேண்டியிருந்தது. விஎம்/370 திடீரென்று தோன்றியதன்று. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையம் 1960களின் நடுவில் தொடங்கி உருவாக்கிய சிபி-40, சிபி-67 ஆகியவற்றின் வழியில் வந்தது. அம்மரபின் இன்றைய வாரிசே இசட்/விஎம்.

1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியபின், அது விட்டுச்சென்ற கணினிகளின் பராமரிப்பை அரசு நிறுவனமான சிஎம்சி ஏற்றுக்கொண்டது. 1990களில், 2000ஆம் ஆண்டு தேதிச் சிக்கலைத் தீர்ப்பதற்குக் கோபால் என்ற நிரல்மொழி அறிந்தோர் உலகெங்கும் தேவைப்பட்டபோது, 1994இல் சென்னையில் தொடங்கப்பட்ட காக்னிசன்ட் உள்ளிட்ட நிறுவனங்களில் மெயின்பிரேம் அறிந்த ஒரு தலைமுறை உருவாயிற்று. தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்ட 2000ஆம் ஆண்டிலேயே மெயின்பிரேமின் இயல்பும் மாறத் தொடங்கியது. ஏனெனில் 1999 டிசம்பரில் ஐபிஎம் பொறியாளர்கள் லினக்ஸ் இயங்குதளத்தை மெயின்பிரேமில் இயக்குவதற்கான நிரல்களை வெளியிட்டிருந்தனர். அதன்பின், தனித்தனிப் பெட்டிகளில் ஓடிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான லினக்ஸ் சேவையகங்களை ஒரே மெயின்பிரேமுக்குள் கொண்டுவந்து இசட்/விஎம் மென்பொருளின் கீழ் இயக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. கோபால் நிரல்களோடு மட்டும் பழகியிருந்த மெயின்பிரேம் பிரிவுகள் லினக்ஸையும் கற்க வேண்டியதாயிற்று. நினைவகப் பங்கீட்டுச் சிக்கல் அங்குதான் தொடங்குகிறது.

பக்கமும் ஸ்வாப்பும்

கணினியில் தரவு தங்கும் இடங்கள் இரண்டு. நினைவகம் விரைவானது, விலை மிகுந்தது, மின்சாரம் நின்றால் வெறுமையாகிவிடுவது. வட்டு மெதுவானது, மலிவானது, மின்சாரம் இல்லாதபோதும் தரவைக் காப்பது. நினைவகத்திலிருந்து ஒரு தரவை எடுப்பதற்கு ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு போதும் என்றால், சுழலும் வட்டிலிருந்து எடுப்பதற்கு நொடியின் நூற்றில் ஒரு பங்கு வரை ஆகலாம். அதாவது இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு.

நினைவகம் சிறிதாகவும் நிரல்கள் பெரிதாகவும் இருந்த காலத்தில், உடனடித் தேவையற்ற தரவை வட்டுக்கு அனுப்பிவிட்டுத் தேவைப்படும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும் முறை பிறந்தது. 1962இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி இதனை முதன்முதலில் தானியங்கியாகச் செய்தது. நிரலின் கண்ணுக்கு நினைவகம் பெரிதாகவே தெரியும். உண்மையில் அதன் ஒரு பகுதி மட்டுமே நினைவகத்தில் இருக்கும், எஞ்சியது வேறு சேமிப்பில் இருக்கும். இதுவே மெய்நிகர் நினைவகம் எனப்படுகிறது. தரவை அங்குமிங்கும் நகர்த்தும் அலகுக்குப் பக்கம் என்று பெயர். மெயின்பிரேமில் ஒரு பக்கம் 4,096 பைட்டுகள் கொண்டது. வெளியேற்றப்பட்ட பக்கங்களை வைத்துக்கொள்வதற்கென லினக்ஸ் ஒதுக்கிக்கொள்ளும் வட்டுப் பகுதியே ஸ்வாப்.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு நிரல் ஒரு குறிப்பிட்ட காலத்தில் உண்மையாகப் பயன்படுத்தும் பக்கங்களின் தொகுதியை, 1968இல் பீட்டர் டென்னிங் எழுதிய கட்டுரைக்குப் பின் ‘ஒர்க்கிங் செட்’ என்று குறிப்பிடுவது வழக்கம். அத்தொகுதி முழுவதும் நினைவகத்தில் அடங்கினால் ஸ்வாப் இருப்பதே தெரியாது. அடங்காவிட்டால், வெளியேற்றிய பக்கமே மறுகணம் தேவைப்பட்டு, கணினி தன் நேரம் முழுவதையும் பக்கங்களை ஏற்றி இறக்குவதிலேயே கழித்துவிடும். ஆகவே ஸ்வாப் என்பது போதாத நினைவகத்துக்கு மாற்று ஆகாது. அவ்வப்போது எழும் மிகைத் தேவையைத் தாங்கிக்கொள்ளும் இருப்பு மட்டுமே.

இரண்டு நிர்வாகிகள், ஒரே நினைவகம்

தனிக் கணினியில் ஓடும் லினக்ஸ், அங்குள்ள நினைவகம் முழுவதும் தனக்கே உரியது என்று கொள்கிறது. அதனால், நிரல்களுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சும் நினைவகத்தைச் சும்மா விடாமல், வட்டிலிருந்து படித்த கோப்புகளின் படிகளை அதில் நிரப்பி வைத்துக்கொள்கிறது. அதே கோப்பு மீண்டும் கேட்கப்பட்டால் வட்டுக்குப் போகாமல் விடையளிக்கலாம் என்பது அதன் கணக்கு. தனிக் கணினியில் இது நல்ல வழக்கம். நூறு சேவையகங்கள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் மெயின்பிரேமில் இதுவே தொல்லையாகிறது.

இசட்/விஎம் தன் கீழுள்ள ஒவ்வொரு சேவையகத்துக்கும் ஒரு மெய்நிகர் கணினியை அளிக்கிறது. இவ்வளவு நினைவகம் உனக்குண்டு என்று அது சொல்லும் அளவு, உண்மையில் ஒதுக்கிவைத்த அளவன்று. ஒரு பக்கத்தைச் சேவையகம் முதன்முறை தொடும்போதுதான் அதற்கு உண்மையான நினைவகம் வழங்கப்படும். நெடுநேரம் தொடப்படாத பக்கங்களை இசட்/விஎம் தன் சொந்த வட்டுகளுக்கு அனுப்பிவிடும். இதனால், இயந்திரத்தில் உள்ள நினைவகத்தைவிட அதிகமான நினைவகத்தைச் சேவையகங்களுக்கு வாக்களிக்க முடிகிறது. ஆனால் ஒவ்வொரு லினக்ஸும் தனக்கு வாக்களிக்கப்பட்ட அளவு முழுவதையும் கோப்புப் படிகளால் நிரப்பிவிட்டால், வாக்களித்த அனைத்தையும் உண்மையாகவே கொடுக்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது. லினக்ஸுக்கு அது வெறும் உபரி; எந்தக் கணத்திலும் தூக்கியெறியத்தக்கது. இசட்/விஎம்முக்கோ, நிரலின் உயிர்நாடியான தரவுக்கும் தூக்கியெறியத்தக்க கோப்புப் படிக்கும் வேறுபாடு தெரியாது. இரண்டும் தொடப்பட்ட பக்கங்களே.

தொடக்க ஆண்டுகளில் இதனோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்திருந்தது. அக்கால லினக்ஸ், நேரத்தைக் கணக்கிடுவதற்காக நொடிக்கு 100 முறை விழித்தெழுந்து பார்க்கும் வழக்கமுடையது. வேலையே இல்லாத சேவையகமும் இவ்வாறு ஓயாமல் அசைந்துகொண்டிருந்ததால், எது உறங்குகிறது, எது உழைக்கிறது என்று இசட்/விஎம்மால் பிரித்தறிய இயலவில்லை; உறங்கும் சேவையகத்தின் பக்கங்களை எடுத்து வேறொன்றுக்குக் கொடுக்கும் வாய்ப்பும் அதனால் குறைந்தது. தேவையில்லாதபோது அக்கடிகாரத் துடிப்பை நிறுத்திவைக்கும் திருத்தம் லினக்ஸில் சேர்க்கப்பட்ட பின்னரே நிலைமை சீரானது.

எனவே மெயின்பிரேம் நிர்வாகிகளிடையே ஒரு விதி உருவாயிற்று: சேவையகத்துக்குக் கேட்ட நினைவகத்தைக் கொடுக்கக்கூடாது, வழக்கமான வேலையின்போது அது ஸ்வாப்பை இலேசாகத் தொடத் தொடங்கும் அளவுக்கு அதன் நினைவகத்தைக் குறைத்துவர வேண்டும். அவ்வளவு குறைத்தால் லினக்ஸுக்குக் கோப்புப் படிகளைக் குவித்துவைக்க இடமிராது. ஆனால் அதே காரணத்தால், வேலை திடீரெனக் கூடும் நேரத்தில் ஸ்வாப் கட்டாயமாகத் தேவைப்படும். அந்த ஸ்வாப் மெதுவான வட்டில் இருந்தால், சிக்கனத்தின் பலனைப் பயனாளர்கள் தாமதமாக உணர்வார்கள்.

நினைவகத்துக்குள் ஒரு வட்டு

இவ்விடத்தில்தான் வி-டிஸ்க் எனப்படும் மெய்நிகர் வட்டு வருகிறது. இசட்/விஎம்மின் முன்னோடியான விஎம்/ஈஎஸ்ஏ காலத்திலேயே அறிமுகமான இது, வட்டைப் போல் நடந்துகொள்ளும் நினைவகப் பகுதியாகும். 512 பைட் அளவுள்ள கட்டங்கள் வரிசையாக அமைந்த ஒரு வகை வட்டாக அது லினக்ஸின் கண்ணுக்குத் தெரிகிறது. எட்டுக் கட்டங்கள் சேர்ந்தால் சரியாக ஒரு பக்கம். எழுது என்றும் படி என்றும் லினக்ஸ் கொடுக்கும் கட்டளைகளை, உண்மையான எந்த வட்டுக்கும் அனுப்பாமல், இசட்/விஎம் நினைவகத்திலேயே நிறைவேற்றிவிடுகிறது. சுழலும் தட்டும் இல்லை, வட்டுக் கருவியை இணைக்கும் கம்பியும் இல்லை. செலவாவது மையச் செயலகத்தின் நேரம் மட்டுமே. ஒரு வி-டிஸ்க்கின் உச்ச அளவு 41,94,296 கட்டங்கள், அதாவது 2 ஜிகாபைட்டுக்குச் சரியாக ஒரு பக்கம் குறைவு.

நினைவகம் போதாத சேவையகத்துக்கு நினைவகத்தையே வட்டு வடிவில் கொடுப்பதற்குப் பதிலாக, அதே அளவை நேரடியாக நினைவகமாகவே கொடுத்துவிடலாமே என்ற கேள்வி இயல்பாக எழும். விடை, லினக்ஸ் இரண்டையும் வெவ்வேறாக நடத்துகிறது என்பதில் இருக்கிறது. நினைவகம் என்று கொடுத்ததை அது கட்டாயம் நிரப்பும். ஸ்வாப் வட்டு என்று கொடுத்ததைத் தவிர்க்க முடியாதபோது மட்டுமே தொடும். தொடப்படாத வி-டிஸ்க் பக்கத்துக்கு இசட்/விஎம் உண்மையான நினைவகம் எதையும் ஒதுக்குவதில்லை. அதன் இருப்பைக் குறித்துவைக்கும் சிறிய அட்டவணைகளுக்கான இடம் மட்டுமே செலவாகும். ஆகவே ஒரே நினைவகம், வட்டு என்ற பெயரில் கொடுக்கப்படும்போது, தேவை வரும்வரை எவருக்கும் உரியதாகாமல் பொதுவில் இருக்கிறது.

ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். வழக்கமாக 2 ஜிகாபைட் போதுமான, உச்ச வேலையின்போது மட்டும் 4 ஜிகாபைட் வேண்டிய சேவையகங்கள் நூறு இருப்பதாகக் கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் 4 ஜிகாபைட் கொடுத்தால், லினக்ஸின் இயல்பின்படி விரைவிலேயே 400 ஜிகாபைட்டும் நிரம்பிவிடும். ஒவ்வொன்றுக்கும் 2 ஜிகாபைட் நினைவகமும் அதேயளவுக்கு வி-டிஸ்க் ஸ்வாப்பும் கொடுத்து, எந்நேரத்திலும் பத்துச் சேவையகங்களே உச்சத்தில் இருக்கும் என்றால், உண்மையில் தேவைப்படுவது 200 ஜிகாபைட்டும் அந்தப் பத்தின் மிகைத் தேவையான 20 ஜிகாபைட்டும் சேர்ந்த 220 ஜிகாபைட் மட்டுமே. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வைக்கும் இருப்பைவிட, அனைவருக்கும் பொதுவாக வைக்கும் இருப்பு சிறிதாக இருந்தாலே போதும். ஏனெனில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவை வருவதில்லை. இக்கணக்கின் உயிர் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருப்பதால், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவை வந்துவிட்டால் கணக்கு முழுவதும் குலைந்துவிடும். நியூயார்க் பங்குச் சந்தை திறக்கும்போது சென்னையில் இரவு ஏழோ எட்டோ மணி. ஒரே சந்தையை நம்பியிருக்கும் சேவையகங்கள் அனைத்தும் அந்நேரத்தில் ஒன்றாக உச்சத்துக்குச் செல்லும் என்பதை, இரவுப் பணியில் இருப்போர் நன்கு அறிவர். அத்தகைய சேவையகங்களை ஒரே இயந்திரத்தில் சேர்த்துவைத்துவிட்டுப் பொது இருப்பை நம்புவது பிழையாகும்.

முதல் வட்டு நிரம்பிய பின்பே இரண்டாவது

ஒரே பெரிய வி-டிஸ்க்குக்குப் பதிலாக, சிறிதும் பெரிதுமாக இரண்டு மூன்றைக் கொடுப்பது வழக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண்ணையும் குறித்துவைப்பார்கள். எண் பெரிதாக உள்ள வட்டையே லினக்ஸ் முதலில் பயன்படுத்தும். அது நிரம்பிய பின்னரே அடுத்ததற்குச் செல்லும். முன்னுரிமை எண் சமமாக இருந்தாலோ, லினக்ஸ் இரண்டுக்கும் மாறிமாறி எழுதும். அப்போது இரண்டுமே தொடப்பட்டு, பிரித்துவைத்ததன் பயன் போய்விடும்.

இவ்வாறு பிரிப்பதற்கு ஒரு நுட்பமான காரணம் உண்டு. லினக்ஸின் மரபான முறையில், ஸ்வாப் வட்டில் இடம் தேடும்போது அது முன்பு எழுதி விடுவித்த இடத்துக்கு உடனே திரும்பாமல், தொடர்ந்து முன்னோக்கியே நகர்ந்து, வட்டின் கடைசிவரை சென்ற பின்பே தொடக்கத்துக்கு வரும் போக்குடையது. சுழலும் வட்டில் அடுத்தடுத்த இடங்களில் எழுதுவது விரைவு என்பதால் ஏற்பட்ட வழக்கம் அது. வி-டிஸ்க்கில் அதனால் தீங்கே மிகுதி: ஒரு நேரத்தில் 50 மெகாபைட் மட்டுமே தேவைப்படும் சேவையகமும், நாள்போக்கில் 2 ஜிகாபைட் வட்டின் எல்லாப் பக்கங்களையும் ஒருமுறையேனும் தொட்டுவிடும். ஒருமுறை தொடப்பட்ட பக்கம் தனக்கு இனித் தேவையில்லை என்று லினக்ஸ் கைவிட்டாலும் அச்செய்தி இசட்/விஎம்முக்கு எட்டுவதில்லை. பழைய தரவைத் தாங்கிய பக்கமாகவே அது இருந்துகொண்டிருக்கும். முதல் வட்டைச் சிறிதாக வைத்தால், லினக்ஸ் அச்சிறு வட்டுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வரும்; பெரிய வட்டு தொடப்படாமலும் செலவில்லாமலும் காத்திருக்கும்.

பள்ளிக்கரணைப் பகுதியின் நீர்வழிகளை அறிந்தோருக்கு இந்த அடுக்கு முறை புதிதாகத் தோன்றாது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழியும் நீர் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கும் செல்கிறது. சதுப்பின் மிகைநீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. மேலுள்ளது நிரம்பி வழியும்போதே கீழுள்ளதற்கு வேலை வருகிறது. கோடையில் வறண்டு கிடக்கும் சதுப்பைப் பயனற்ற வெற்றிடமாகக் கருதி, ஒரு பக்கம் குப்பை கொட்டியும் மறுபக்கம் சாலையும் கட்டடங்களும் அமைத்தும் சுருக்கிய பின், 2015 டிசம்பர் வெள்ளம் தான் தங்க வேண்டிய இடத்தைக் குடியிருப்புகளுக்குள் தேடிக்கொண்டது. எஞ்சிய சதுப்பின் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. மெயின்பிரேம் நிர்வாகியும் இத்தகைய தவறுக்கு ஆளாகக்கூடும்: பல மாதங்களாக வெறுமையாகக் கிடக்கும் இரண்டாவது வி-டிஸ்க்குகளைப் பார்த்து, அவற்றுக்கென ஒதுக்கிய இருப்பை உபரி என்று எண்ணி, இன்னும் ஐம்பது சேவையகங்களை இயந்திரத்தில் ஏற்றிவிட்டால், உச்ச வேலை வரும் நாளில் மிகைத் தேவை சென்று தங்க இடமிராது.

ஒவ்வொரு முறையும் புதிதாக

வி-டிஸ்க்குக்கு நிலைத்த உடல் இல்லை. மெய்நிகர் கணினி இசட்/விஎம்மிலிருந்து முற்றாக வெளியேறும்போது அதற்குரிய வி-டிஸ்க்கும் மறைந்துவிடும். மீண்டும் நுழையும்போது வெறுமையான புதிய வட்டே கிடைக்கும். ஸ்வாப்புக்கு இது குறையாகாது. ஏனெனில் சேவையகம் நின்றபின் அதன் ஸ்வாப்பில் இருந்தவற்றுக்குப் பொருளில்லை. ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகிறது. எந்த வட்டையும் லினக்ஸ் கண்மூடித்தனமாக ஸ்வாப்பாக ஏற்றுக்கொள்வதில்லை. வட்டின் முதல் பக்கத்தின் கடைசிப் பத்து பைட்டுகளில் ‘ஸ்வாப்ஸ்பேஸ்2’ என்ற ஆங்கில எழுத்துகளால் ஆன முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும். முத்திரை இல்லாவிட்டால் அது ஸ்வாப் ஆகாது. புதிதாகப் பிறந்த வி-டிஸ்க்கில் அம்முத்திரை இருக்க வழியில்லை.

இதற்கான தீர்வு, லினக்ஸ் எழுவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. மெய்நிகர் கணினி உள்ளே நுழைந்ததும் முதலில் சிஎம்எஸ் என்ற சிறிய இயங்குதளம் தொடங்குகிறது. அது தானாக இயக்கும் ‘புரொஃபைல்’ கோப்பில், ஸ்வாப்ஜென் என்ற சிறு நிரலை அழைக்கும் வரி எழுதிவைக்கப்பட்டிருக்கும். அந்நிரல், எடுத்துக்காட்டாக 300 என்ற சாதன எண்ணில் குறிப்பிட்ட அளவு வி-டிஸ்க் ஒன்றை உருவாக்கி, அதன் முதல் பக்கத்தில் முத்திரையைப் பதித்துவிட்டு, 301 என்ற எண்ணில் அடுத்ததையும் அவ்வாறே ஆயத்தம் செய்கிறது. அதே கோப்பின் கடைசி வரி, லினக்ஸ் நிறுவப்பட்டுள்ள வட்டிலிருந்து இயந்திரத்தைத் துவக்கச் சொல்கிறது. சிஎம்எஸ் விலகி லினக்ஸ் எழுகிறது. ஆயத்தமாகக் காத்திருக்கும் இரண்டு ஸ்வாப் வட்டுகளைக் காணும் லினக்ஸுக்கு, அவை சில கணங்களுக்கு முன் உருவானவை என்பதோ, நினைவகத்தில் வாழ்பவை என்பதோ தெரியாது. லினக்ஸுக்குள் ‘ஃப்ரீ’ என்ற கட்டளை அவற்றின் மொத்த அளவையும் பயன்பாட்டையும் காட்டும். இசட்/விஎம் பக்கத்திலிருந்து ‘குவெரி விடிஸ்க்’ என்ற கட்டளை எந்தச் சேவையகம் எவ்வளவு பெரிய வட்டை வைத்திருக்கிறது என்பதைக் காட்டும். ஒரு பயனாளர் அளவின்றி வி-டிஸ்க்குகளை உருவாக்கிக்கொள்வதைத் தடுக்க, ஒருவருக்கு இவ்வளவு, இயந்திரம் முழுவதற்கும் இவ்வளவு என்று வரம்பு விதிக்கவும் வழியுண்டு.

முறை பொய்க்கும் இடம்

வி-டிஸ்க்கின் பக்கங்களும் பிற பக்கங்களைப் போலவே இசட்/விஎம்மின் ஆளுகைக்கு உட்பட்டவை. இயந்திரத்தின் உண்மையான நினைவகம் நெருக்கடிக்கு உள்ளாகும்போது, நெடுநேரம் தொடப்படாத வி-டிஸ்க் பக்கங்களை இசட்/விஎம் தன் வட்டுகளுக்கு அனுப்பிவிடும். அதன்பின் லினக்ஸ் அப்பக்கத்தைக் கேட்டால், நினைவகத்தின் வேகத்தில் வர வேண்டியது வட்டின் வேகத்தில்தான் வரும்.

இதைவிட மோசமான நிலையும் உண்டு. நெருக்கடியின்போது லினக்ஸ், தான் நெடுநேரம் தொடாத ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து ஸ்வாப்புக்கு அனுப்ப முடிவு செய்கிறது. அதே பக்கத்தை அதே காரணத்துக்காக இசட்/விஎம் முன்பே தன் வட்டுக்கு அனுப்பியிருக்கும். இருவரும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துவதால் இது நிகழ வாய்ப்பு அதிகம். இப்போது லினக்ஸ் அதை ஸ்வாப்பில் எழுத வேண்டுமானால், இசட்/விஎம் அப்பக்கத்தை வட்டிலிருந்து நினைவகத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்ததும் அது வி-டிஸ்க்குக்கு எழுதப்படும். வி-டிஸ்க் பக்கமோ சிறிது நேரத்தில் மீண்டும் இசட்/விஎம்மின் வட்டுக்கே போகும். வெளியேற்றப்பட்ட பக்கத்தை வெளியேற்றுவதற்காகவே உள்ளே கொண்டுவரும் இந்த வீண் சுற்று, இரட்டைப் பக்கமாற்றம் எனப்படுகிறது. இரு நிர்வாகிகளும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே நினைவகத்தை ஆளுவதன் விலை இது. அவர்களிடையே செய்தித் தொடர்பை ஏற்படுத்த, நெருக்கடி நேரத்தில் லினக்ஸிடமிருந்து பயன்படாத பக்கங்களை இசட்/விஎம் கேட்டுப் பெறும் வசதிகள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டன. ஆயினும் சேவையகத்தின் அளவைச் சரியாக நிர்ணயிப்பதற்கு அவை ஈடாகவில்லை.

ஆகையால் அளவீட்டைப் படிக்கும் முறையும் மாறுகிறது. தனிக் கணினியில் ஸ்வாப் பயன்பாடு கண்டாலே நினைவகம் போதவில்லை என்று முடிவுகட்டுவது வழக்கம். இசட்/விஎம்மின் கீழ், முதல் வி-டிஸ்க்கில் சிறிதளவு தரவு அசையாமல் தங்கியிருப்பது சேவையகத்தின் அளவு பொருத்தமாக இருப்பதற்கே அடையாளம். கவனிக்க வேண்டியது எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதன்று. நொடிக்கு எத்தனை பக்கங்கள் போய்வருகின்றன என்பதே. போக்குவரத்து ஓயாமல் மிகுந்திருந்தால் நினைவகத்தைக் கூட்ட வேண்டும். முதல் வட்டு நிரம்பி இரண்டாவது அடிக்கடி தொடப்பட்டாலும் அதுவே முடிவு. இரண்டுமே எப்போதும் வெறுமையாக இருந்தால், சேவையகத்துக்குத் தேவைக்கு மேல் நினைவகம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள், அதைக் குறைக்கலாம். கடைசி அரணாக உண்மையான வட்டில் ஒரு ஸ்வாப் பகுதியை மிகக் குறைந்த முன்னுரிமையில் வைப்போரும் உண்டு. அது தொடப்பட்டால் சேவையகம் மெதுவாகும், ஆனால் நினைவகமின்றி லினக்ஸ் நிரல்களைக் கொல்லத் தொடங்கும் நிலை தள்ளிப்போகும்.

கைப்பேசியிலும் இதே முறை

நினைவகத்தின் ஒரு பகுதியையே ஸ்வாப் வட்டாகக் காட்டும் உத்தி மெயின்பிரேமோடு நின்றுவிடவில்லை. லினக்ஸில் 2014 முதல் முழுமையாக இடம்பெற்றுள்ள இசட்ரேம் என்ற வசதி, நினைவகத்துக்குள் ஒரு வட்டை உருவாக்கி, அதற்கு வரும் பக்கங்களைச் சுருக்கி அடுக்குகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் பல செயலிகள் ஒருசேரத் திறந்திருக்க முடிவதற்கு அது ஒரு காரணம். விண்டோஸ் 10, ஆப்பிளின் மேக் ஆகிய இயங்குதளங்களும் பக்கங்களைச் சுருக்கி நினைவகத்திலேயே வைத்துக்கொள்கின்றன. ஆனால் ஆதாயம் கிடைக்கும் வழி வேறு. கைப்பேசியில் பகிர்ந்துகொள்ள வேறு சேவையகம் இல்லாததால், சுருக்குவதால் மிஞ்சும் இடமே ஆதாயம். மெயின்பிரேமில் சுருக்காமலே, பலரின் தேவை வெவ்வேறு நேரங்களில் வருவதால் மிஞ்சும் இடமே ஆதாயம்.

நினைவகம் மலிந்துவிட்ட இக்காலத்தில் இவ்வளவு கணக்கு எதற்கு என்ற ஐயம் எழலாம். 2022இல் வெளிவந்த இசட்16 மெயின்பிரேம் 40 டெராபைட் வரை நினைவகம் ஏற்கக்கூடியது என்பது உண்மை. ஆனால் நினைவகம் கூடும்போதெல்லாம் அதில் ஏற்றப்படும் சேவையகங்களும் கூடுகின்றன. மெயின்பிரேமுக்கென வாங்கும் நினைவகம், மேசைக் கணினிக்கு வாங்கும் விலைக்குக் கிடைப்பதில்லை. அதனினும் முக்கியமாக, எவ்வளவு நினைவகம் கொடுத்தாலும் அதைக் கோப்புப் படிகளால் நிரப்பிவிடும் லினக்ஸின் இயல்பு மாறவில்லை. கூடுதல் நினைவகம் வாங்குவதால் இச்சிக்கலின் அளவு வளருமே தவிர, சிக்கல் தீராது.

ஆகவே வி-டிஸ்க் ஸ்வாப்பை, இல்லாத நினைவகத்தை உண்டாக்கும் உத்தியாகப் பார்ப்பதைவிட, இருக்கும் நினைவகத்தை எவர் பெயரிலும் எழுதிவைக்காமல் பொதுவில் நிறுத்திவைக்கும் ஏற்பாடாகப் பார்ப்பதே பொருத்தம். அந்த ஏற்பாடு நிலைப்பதற்கு இரண்டு கணக்குகள் வேண்டும்: ஒவ்வொரு சேவையகமும் வழக்கமாக எவ்வளவு பயன்படுத்துகிறது என்பது ஒன்று, அவற்றுள் எத்தனை ஒரே நேரத்தில் உச்சத்துக்குச் செல்லும் என்பது மற்றொன்று. முதலாவதை அளவிடக் கட்டளைகள் உள்ளன. இரண்டாவதோ, வாடிக்கையாளரின் மாதக் கடைசிக் கணக்குமுடிப்பு எந்த நாளில், சந்தை திறப்பது எந்த மணியில், சம்பளப் பட்டியல் ஓடுவது எந்த இரவில் என்பவற்றை அறிந்தவரால் மட்டுமே சொல்லத்தக்கது. தொலைவிலிருக்கும் இயந்திரத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் பராமரிப்பாளரின் அறிவுக்கு மதிப்பு ஏற்படுவது அக்கணக்கில்தான்.